200என்எஸ் வண்டியை நெடும்பயணத்துக்குத் தயார் செய்வது: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

யீஷுன்200

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பஜாஜ் பல்சர் 200என்எஸ். சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க எடுக்கும் பத்து வருஷ உரிமம்) முடிய இன்னும் மூன்று வருஷம் சொச்சம் இருக்கிறது. 2பி லைசென்ஸ்தான், அதனால் 200 சிசிக்கு மேல் இப்போதைக்கு யோசிக்கவே முடியாது. பள்ளி விடுமுறைக் கூட்டம் தொடங்கும் முன் நானும் மச்சானும் ஆளுக்கொரு வண்டியில் தாய்லாந்து எல்லை ஊரான பெத்தோங் வரை போய் வரலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், லீவும் காசும் ஒத்துழைத்தால் அடுத்த வருஷம் மே ஹோங் சோன். அதற்குள் வண்டியை அட்வெஞ்சர் வண்டி மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று ஆசை.

நினைத்து வைத்திருப்பது இவ்வளவு: கட்டைப்பல் டயர், அகலமான ஒற்றை ஹேண்டில்பார், கைக்கவசம், மூன்று அலுமினியப் பெட்டி, இரண்டு ஸ்பாட் லைட், இன்ஜினுக்கு அடியில் தகடு, பின் சஸ்பென்ஷனைக் கொஞ்சம் தூக்குவது. முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) 13 பல் நல்லதா 15 பல் நல்லதா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், குழம்பிப்போய் இரண்டையும் வாங்கி வைத்துவிட்டேன் (சிரிக்காதீர்கள்). கையில் 1,500 வெள்ளி. எங்கே தொடங்குவது?

பழையசெயின்

தம்பி, முதலில் ஒரு வேலை. வண்டியை நிறுத்தி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மற்ற வண்டிகளில் சைலன்சர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். என்எஸ்-ல் அது இன்ஜினுக்கு அடியில் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எடை கீழேயும் நடுவிலும் இருப்பதால் வளைவில் சுகமாகப் படுக்கும், அது இந்த வண்டியின் நல்ல குணம். ஆனால் கல் பாதையில் போனால் முதலில் அடிபடப்போவது அந்தச் சைலன்சர்தான். காலி வண்டியில் தரைக்கும் அதற்கும் சுமார் 167 மில்லிமீட்டர் இடைவெளி, நீங்களும் மூட்டை முடிச்சும் ஏறினால் அதிலும் குறையும். தகடு மாட்டுகிறேன் என்கிறீர்களே, எதில் மாட்டுவீர்கள், சைலன்சரிலா? மாட்டினாலும் இருக்கிற இடைவெளியில் இன்னும் கொஞ்சத்தைத் தகடு தின்னும். சைலன்சரையே மேலே தூக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) ஒப்புதல் இல்லாத புகைபோக்கியோடு இங்கே ஓட்ட முடியாது.

ஆக இது மண் ரோட்டு வண்டி ஆகாது. தோட்டத்துச் செம்மண் பாதையில் மெதுவாகப் போகலாம், அவ்வளவுதான். இதை ஒப்புக்கொண்டால் உங்கள் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும், கட்டைப்பல் டயர் உள்பட. நீங்கள் ஓட்டப்போவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தார் ரோடு, அதிலும் பாதி மழையில். கட்டைப்பல் டயர் ஈரத் தாரில் வழுக்கும், நெடுஞ்சாலையில் சீக்கிரம் தேயும், காதுக்குள் ஊளையிடும். கம்பெனி அளவிலேயே, முன்னால் 100/80-17, பின்னால் 130/70-17, மழையில் பிடிக்கிற நல்ல ரோட்டு டயர் புதிதாகப் போடுங்கள். அலாய் சக்கரம், டியூப்லெஸ். பஞ்சர் திரி, சின்ன பம்ப் இரண்டும் பையில் இருந்தால் போதும்.

ஸ்பிராக்கெட் கதைக்கு வருவோம். கம்பெனி கொடுத்தது முன்னால் 14, பின்னால் 39. 13 போட்டால் கியர் ஏறக்குறைய 8 சதவீதம் குட்டையாகும். மலை ஏற நன்றாக இருக்கும், ஆனால் இங்கிருந்து ஈப்போ வரைக்கும் ஐநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் இன்ஜின் ஒப்பாரி வைக்கும். 15 போட்டால் 7 சதவீதம் நீளும். நெடுஞ்சாலையில் நிம்மதி, சாமான் ஏற்றிக்கொண்டு மலையில் ஏறும்போது ஆறாவது கியரும் ஐந்தாவது கியரும் பேருக்குத்தான். இந்த இன்ஜின் முழு இழுவையைக் கொடுப்பதே 8,000 சுற்றில், அதற்குக் கீழே நீட்டி வைத்தால் மூச்சு வாங்கும். 14-ஐயே வைத்துக்கொண்டு, செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் புது செட் போடுங்கள். பழைய செயினோடு புதுப் பல்லைச் சேர்ப்பது காசைக் கடலில் போடுவது.

மிச்சக் காசை எங்கே போடுவது? சீட்டில். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு உங்களைத் திரும்பிப் போகச் சொல்வது இன்ஜின் இல்லை, பின்பக்கம்தான்.

இரண்டாம்வகுப்பு

மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். எதற்கு இந்தப் பாடு? பத்து வருஷ சிஓஇ-யில் மூன்று வருஷம் மிச்சமுள்ள வண்டியில் 1,500 வெள்ளியைக் கொட்டினால் ஒரு காசு திரும்பி வராது. 2பி எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தால் 2ஏ (400 சிசி வரை) எடுக்கலாம், ஹோண்டா சிபி400எக்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினால் கண்ணாடி, நிமிர்ந்த சீட், இரண்டு சிலிண்டர் எல்லாம் கம்பெனியே போட்டுக் கொடுத்திருக்கிறது. 200 சிசியில் நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டுவது தனி வித்தை, அதிலும் எதிர்க்காற்று அடித்தால். நான் அந்த வயதில் 150 சிசியில் போய்க் கை மரத்துப்போய், ஓய்விடத்தில் காப்பிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் சட்டையில் ஊற்றிக்கொண்டவன்.

கப்சாய்அக்கா

இரண்டாம்வகுப்பு அண்ணே, நீங்கள் சொல்வது காசுள்ளவர்களுக்குச் சரி. சிஓஇ ஒன்றே எட்டாயிரம் ஒன்பதாயிரம் என்று போகிற ஊரில், கையில் இருக்கிற வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்வதுதான் நியாயம். நான் 125 சிசி கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிள்) தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு மூன்று தடவை போய் வந்தவள். என் உயரம் ஐந்தடி. சஸ்பென்ஷனைத் தூக்கியிருந்தால் ஒவ்வொரு சிக்னலிலும் கால் எட்டாமல் சாய்ந்திருப்பேன். தம்பி உயரமான ஆளாக இருக்கலாம், ஆனால் பின்பக்கத்தைத் தூக்கினால் எடை முன்னால் போகும், ஸ்டியரிங் குணமே மாறும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் பயணத்தில் பின்னால் ஒரே ஒரு பெரிய பெட்டி. ஸ்பேனர் மூட்டை, இரண்டு போத்தல் இன்ஜின் ஆயில், அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு, எல்லாம் அதற்குள். பாகோ ஓய்விடம் தாண்டி தொண்ணூறில் போகும்போது ஹேண்டில் லேசாகத் தலையாட்ட ஆரம்பித்தது. காற்று என்று நினைத்தேன். வேகத்தைக் குறைத்தால் நிற்கிறது, கூட்டினால் ஆடுகிறது. பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தொங்கவிட்டால் முன் சக்கரம் லேசாகிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் பார்த்தால் பெட்டியைத் தாங்குகிற கம்பியில் பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல். தாப்பாவில் ஒரு வெல்டிங் கடைக்கார மாமா பத்து ரிங்கிட்டுக்குப் பற்றவைத்துக் கொடுத்து, கூடவே திட்டும் கொடுத்தார்.

அடுத்த தடவை ஸ்பேனரும் ஆயிலும் கால் பக்கத்தில் தாழ்வாக, துணி மட்டும் பின்னால், மென்மையான பையில். வண்டி ஆடவே இல்லை. மூன்று அலுமினியப் பெட்டியின் எடை மட்டுமே, உள்ளே ஒன்றும் வைக்காமலே, என் மொத்தச் சாமானை விட அதிகம். அது 145 கிலோ வண்டி தம்பி, மறந்துவிடாதீர்கள்.

யீஷுன்200

அக்கா, புளிச்சோறு படித்ததும் பசிக்கிறது. அண்ணே, அடிப்பக்கம் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி, ஏற்கெனவே நம் புளோக் கார் பேட்டை வேகத்தடையில் உரசிய கீறல் இருக்கிறது.

சரி, பெட்டிக்குப் பதில் இரண்டு பக்கமும் துணிப்பை. தகடு, ஸ்பாட் லைட், மண் டயர், தூக்குவது எல்லாம் வேண்டாம். ஒற்றை ஹேண்டில்பார் மட்டும் போடலாமா? இப்போதுள்ளதில் மணிக்கட்டு வலிக்கிறது.

பழையசெயின்

என்எஸ்-ல் ஹேண்டில் ஒரே கம்பி இல்லை, இரண்டு துண்டாக ஃபோர்க்கில் கவ்வியிருக்கிறது. ஒற்றைக் கம்பி போட வேண்டுமென்றால் மேல் தட்டையே மாற்ற வேண்டும், அப்புறம் கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், வயரெல்லாம் நீளம் போதாது. இதோடு உங்கள் ஹேண்டிலில் புது ஓபியூ (சாலைக் கட்டணக் கருவி) வேறு உட்கார்ந்திருக்கும், அதை நீங்களாகக் கழற்றி இடம் மாற்றக்கூடாது, அங்கீகாரமுள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். இத்தனையும் எதற்கு? மணிக்கட்டு வலிக்குப் பாதிக் காரணம் லீவர்கள் தலையை நிமிர்த்திக்கொண்டு இருப்பது. உட்கார்ந்து, கையை நேராக நீட்டி, விரல் போகிற திசையிலேயே லீவர் இருக்கும்படி கொஞ்சம் கீழே திருப்புங்கள். ஐந்து நிமிஷ வேலை, காசில்லை. மீதிப் பாதி வயிற்றைத் தளர்த்தி எடையைக் கையில் போடுவது. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

பின் ஷாக்கில் பிரீலோடு வளையம் (ஸ்பிரிங்கை இறுக்குவது) இருக்கிறது, சி-ஸ்பேனரால் திருப்புவது. பயணச் சாமான் முழுவதையும் ஏற்றி நீங்களும் உட்கார்ந்து, பின் அச்சிலிருந்து சீட்டின் ஓரம் வரை மச்சானை அளக்கச் சொல்லுங்கள். நடு ஸ்டாண்டிலோ தூக்கியோ சக்கரம் தொங்கும்போது ஒரு அளவு, ஆள் சாமானோடு ஒரு அளவு. தாழ்வது, சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசையும் மொத்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வருகிறவரை ஒவ்வொரு படியாக இறுக்குங்கள். அதற்குப் பிறகு இரவில் சுவருக்கு எதிரே நிறுத்தி ஹெட்லைட் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் போகும், உங்கள் ரோட்டில் விழாது. ஸ்பாட் லைட் வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவது இதனால்தான்.

இன்னொன்று. புது கிளட்ச் கேபிள் ஒன்று வாங்கி, பழைய கேபிள் போகிற அதே வழியில் பக்கத்திலேயே ஓட்டி, இரண்டு முனையையும் டேப் சுற்றி அப்படியே விட்டுவிடுங்கள். நடுவழியில் அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. மழையில், இருட்டில், கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு இந்த வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மழைக்கோட்டு

எல்லாரும் நட்டு போல்ட்டே பேசுகிறீர்கள். காகிதத்தையும் கொஞ்சம் பேசுவோம்.

உங்கள் இன்ஷூரன்ஸ் பத்திரத்தை எடுத்து எந்த எல்லை வரை செல்லும் என்ற வரியைப் படியுங்கள். இங்கே வழக்கமாக எழுதியிருப்பது சிங்கப்பூர், மேற்கு மலேசியா, அப்புறம் தாய்லாந்தில் மலேசிய எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரை. பெத்தோங் எல்லையை ஒட்டியே இருக்கிறது, ஹாட்யாயும் அதற்குள் வந்துவிடும். மே ஹோங் சோன் தாய்லாந்தின் வடமேற்கு மூலை, அதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பணம் கட்டி நீட்டிக்க வேண்டும். இது தவிர தாய்லாந்துக்குள் நுழைய அங்கே கட்டாயமான இன்ஷூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும், எல்லைக்குப் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கும். வண்டியில் என்ன மாற்றினாலும் இங்குள்ள இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஒன்றும் ஆகாதவரை யாரும் கேட்கமாட்டார்கள், ஆன பிறகு முதல் கேள்வியே அதுதான்.

2025 மே 1 முதல் தாய்லாந்துக்கு மின்னியல் வருகை அட்டை, போவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். வண்டியின் லாக் கார்டு (பதிவு விவரத் தாள்) அச்சுப்பிரதி கையில் இருக்கட்டும். மச்சான் ஓட்டுவது அவர் அப்பா பேரில் உள்ள வண்டி என்றால் அனுமதிக் கடிதம் வேண்டும், இதை விட்டுவிட்டு எல்லையிலிருந்து திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே நம்மை விட ஒரு மணி நேரம் பின்னால், சோதனைச் சாவடி மூடும் நேரத்தை அதற்கேற்பக் கணக்குப் பண்ணுங்கள்.

துணிப்பை மாட்டியதும் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள், நம்பர் பிளேட்டும் இண்டிகேட்டரும் மறையக்கூடாது. மூன்று வருஷம் தாண்டிய வண்டிக்கு இங்கே வருஷா வருஷம் சோதனை உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டாம்வகுப்பு

நான் இன்னும் 400-தான் என்கிறேன். இருந்தாலும் போவதென்று முடிவாகிவிட்டதால் இரண்டு விஷயம். ஒன்று, காதுக்கு நுரைப் பஞ்சு. பத்து வெள்ளிக்குக் குறைவு, களைப்பில் பாதி காற்றுச் சத்தத்தால் வருவது, இதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் கண்டுபிடித்தேன். இரண்டு, அந்தக் கால டாக்சி அங்கிள்கள் சீட்டில் போட்டிருப்பார்களே மரமணி விரிப்பு, அதில் ஒரு துண்டை வெட்டி சீட்டில் கட்டுங்கள். மழைத்தண்ணீர் தங்காது, அடியில் காற்று ஓடும், பார்க்கச் சகிக்காது. நான் பெரிய வண்டியிலும் அதையேதான் போட்டிருக்கிறேன்.

கப்சாய்அக்கா

மரமணிக்கு என் ஓட்டும் உண்டு. பெரிய வண்டிக்காரர் இதைச் சொல்வதைக் கேட்டு எனக்குக் கண் கலங்குகிறது அண்ணே.

தம்பிக்கு: மலேசிய நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது, சாவடிக்கு இடது ஓரத்தில் ஒடுங்கலாக ஒரு பாதை இருக்கும், பக்கவாட்டுப் பை வைத்திருந்தால் அங்கே அகலத்தைக் கவனியுங்கள். மழை பிடித்தால் மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிள் ஒதுங்க இடம் கட்டியிருப்பார்கள், அங்கே மட்டும் நில்லுங்கள், சும்மா ஓரத்தில் நிற்காதீர்கள். வண்டி மக்கர் பண்ணினால் பயப்படவேண்டாம், மலேசியாவில் 2017 முதல் இதே வண்டியை மொடெனாஸ் பல்சர் என்எஸ்200 என்று விற்கிறார்கள், கேபிளோ பிரேக் பேடோ தேடி அலைய வேண்டியிருக்காது.

யீஷுன்200

போய் வந்தாயிற்று! ஐந்து நாள். தாமதமாக எழுதுகிறேன், வேலை.

கடைசியில் செய்தது: புது டயர் இரண்டு, செயின் செட் (14/39 தான்), சீட்டுக்குள் நுரை மாற்றியது, சின்னக் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, கைக்கவசம், துணிப்பை ஒரு ஜோடி, கூடுதல் கிளட்ச் கேபிள், மரமணி. 1,500-ல் இருநூற்றுச் சொச்சம் மிச்சம், அது பெட்ரோலுக்குப் போனது.

முதல் நாள் ஈப்போ. லீவரைத் திருப்பியதில் மணிக்கட்டு வலி முக்கால்வாசி போய்விட்டது, அண்ணனுக்கு ஒரு கும்பிடு. மறுநாள் குவாலா கங்சாரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி லெங்கோங், கெரிக், பெங்காலான் ஹுலு வழியாகப் பெத்தோங். அந்த 76-ஆம் எண் ரோடு இருக்கிறதே, இந்த வண்டிக்கென்றே போட்ட மாதிரி. நாலாவது கியர், ஐந்தாவது கியர், மறுபடி நாலு, எண்பதைத் தாண்டவே தேவையில்லை. அங்கேதான் புரிந்தது, 400 இருந்திருந்தாலும் அந்த வளைவுகளில் இதைவிட வேகமாகப் போயிருக்கமாட்டேன். (நெடுஞ்சாலையில் லாரி விஷயத்தில் இரண்டாம்வகுப்பு அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. தாப்பா பக்கம் ஒரு டேங்கர் லாரியைத் தாண்ட நான் பட்ட பாடு!)

திரும்பும்போது கெரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகிற கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. 12 லிட்டர் டேங்க், எனக்கு லிட்டருக்கு 33 கிலோமீட்டர் கிடைத்தது, இருந்தும் கெரிக்கில் முழுக்க நிரப்பிக்கொண்டோம், ஏறினால் நூறு கிலோமீட்டருக்கு மேல் காடும் தெமெங்கோர் ஏரியும்தான். யானைப் படம் போட்ட மஞ்சள் பலகையை வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டே வந்தவன், ஒரு வளைவு திரும்பியதும் ரோட்டின் நடுவில் யானை லத்தி. புதுசு, ஆவி பறக்கிறது. கட்டைப்பல் டயர் எதுவும் அங்கே உதவியிருக்காது, பிரேக்தான் உதவியது. மச்சான் ஹெல்மெட்டுக்குள்ளேயே முருகா முருகா என்றது எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் வாய் பேசாமல் முப்பதில் அடுத்த பத்து கிலோமீட்டரை ஓட்டினோம்.

குவா மூசாங் தாண்டி ஓர் இடத்தில் ரோட்டு வேலை, நாலு கிலோமீட்டர் செம்மண்ணும் சரளையும். முதல் கியரில், காலை ஊன்றி ஊன்றிப் போனோம். அடியில் இரண்டு தடவை 'டங்' என்று கேட்டது. வீட்டுக்கு வந்து குந்திப் பார்த்தேன், கார் பேட்டைக் கீறலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நசுங்கல். ஓட்டை இல்லை.

அப்புறம், 13 பல்லும் 15 பல்லும் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமானால் பாதி விலை, யீஷுன் எம்ஆர்டியில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

பழையசெயின்

எல்லாம் சரி. ஐந்து நாள் மழையிலும் செம்மண்ணிலும் ஓடி வந்திருக்கிறது. செயினைத் துடைத்தீர்களா?

யீஷுன்200

இன்னும் இல்லை அண்ணே. இன்று சாயங்காலம் கண்டிப்பாக.